யாருடைய பொற்காலம்? மும்பை டான்ஸ் பார்களும் சாதியும்

சென்ற மாதம் ஒரு திருமண வீட்டில், பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பெரியவர்கள் நடுவே பேச்சு பம்பாய்ப் பக்கம் திரும்பியது. 1990களில் அங்கே கம்பெனி வேலையில் இருந்த ஒருவர் சொன்னார்: "அதெல்லாம் ஒரு காலம் தம்பி. கிராண்ட் ரோடு டோபாஸ், வில்லே பார்லே தீபா பார்... உள்ள போனா ராஜா மாதிரி இருக்கும். இப்ப என்ன இருக்கு பம்பாய்ல? எல்லாத்தையும் மூடிட்டான்." சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் முகத்தில் உண்மையான ஏக்கம் இருந்தது.

அந்த ஏக்கத்தை நான் கேலி செய்யப் போவதில்லை. இப்போது அது அவர் ஒருவருடையது மட்டுமல்ல. மும்பை டான்ஸ் பார் பற்றி எழுதப்படும் பழைய நினைவுகளில், வெளிவரும் படங்களில், இரவு நகரத்தைப் பற்றிய கட்டுரைகளில் எல்லாம் அதே ஏக்கம் இருக்கிறது. அன்று ஒரு நளினம் இருந்ததாம். பெண்கள் முழுக்க உடுத்தி ஆடினார்களாம். மரியாதை இருந்ததாம். இப்போது எல்லாம் கைப்பேசித் திரைக்குள் போய்விட்டதாம்.

இதில் ஓரளவு உண்மையும் உண்டு. மேலை நாட்டு ஆடை களையும் விடுதிகளோடு மும்பை டான்ஸ் பாரை ஒப்பிட முடியாது. அங்கே பெண்கள் காக்ரா சோளியிலோ சேலையிலோ இந்தி சினிமாப் பாட்டுக்கு ஆடினார்கள். வாடிக்கையாளர் தொடக் கூடாது என்பது எழுதப்படாத விதி. பத்து ரூபாய்க் கட்டை மாற்றிவந்து பெண்ணின் தலைக்கு மேல் ஒவ்வொரு நோட்டாக உதிர்ப்பார்கள், நோட்டு மாலை போடுவார்கள். கீழே விழுந்ததைப் பையன்கள் பொறுக்கிக் கணக்கில் சேர்ப்பார்கள். இரவு முடிந்ததும் அது முதலாளிக்கும் ஆடியவளுக்கும் பங்கு பிரியும். காவல்துறைக்கு மாமூல் தனி. உரிமம் கொடுத்ததும் கட்டணம் வாங்கியதும் அரசாங்கமே.

ஆனால் அந்தப் பெரியவர் சொன்ன ஒரு வார்த்தையை விட்டுவிட முடியாது. "ராஜா மாதிரி." அங்கே போனவர்கள் விலை கொடுத்து வாங்கியது நடனத்தை அல்ல, அந்த நாற்காலியை. அலுவலகத்தில் மேலாளருக்குக் கை கட்டி நின்றவன் இரவில் நோட்டுக் கட்டைப் பிரித்து உதிர்க்கும் ஒரு மணி நேரம் ஜமீன்தாராக இருந்தான். அந்த ஜமீன்தார் வேடத்துக்கு எதிரே ஆட ஒரு பெண் வேண்டும். அவள் எங்கிருந்து வந்தாள்? இந்தப் பொற்காலக் கதைகள் கேட்காத கேள்வி அதுதான்.

அவள் எங்கிருந்து வந்தாள்

எல்லா இடத்திலிருந்தும் வந்தாள் என்பது முதல் பதில். 1982இல் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்துக்குப் பிறகு மில்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஆண்கள் வேலையிழந்த வீடுகளிலிருந்து பெண்கள் பீர் பார்களுக்குப் பரிமாறும் வேலைக்குப் போனார்கள். வங்காளத்திலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வறுமை துரத்தி வந்தவர்களும் இருந்தார்கள்.

இரண்டாவது பதில்தான் நமக்கு முக்கியம். டான்ஸ் பார்களில் ஆடியவர்களில் பெரும் எண்ணிக்கையிலானவர்கள் பேடியா, நட், கஞ்சர் போன்ற சமூகங்களைச் சேர்ந்தவர்கள். ஆடுவதும் பாடுவதும் ஆண்களை மகிழ்விப்பதும் இந்தச் சமூகப் பெண்களின் பிறவித் தொழில் என்று சாதி ஒழுங்கு எழுதி வைத்திருந்தது. 1871இல் வெள்ளையர் அரசு கொண்டுவந்த குற்றப் பழங்குடிகள் சட்டத்தின் கீழ் இத்தகைய சமூகங்கள் பிறப்பாலேயே குற்றவாளிகளாகப் பதிவு செய்யப்பட்டன. 1952இல் அந்தச் சட்டம் போனது. முத்திரை போகவில்லை. பேடியாக்கள் இன்று மத்தியப் பிரதேசத்தில் பட்டியல் சாதியினர்.

புந்தேல்கண்டில் பேடியாப் பெண்கள் ஆடும் ராய் நடனம் நிலவுடைமையாளர்களின் திருமணங்களிலும் விழாக்களிலும் நடக்கும். ஜமீன்தாரி ஒழிப்புக்குப் பிறகு அந்தப் புரவலர்கள் தேய்ந்தார்கள். ஆனால் ஜமீன்தாரிடமிருந்து போன நிலம் ஆடியவளின் கைக்கு வரவில்லை. பள்ளிக்கூடமும் அவள் குடிசைக்கு வரவில்லை. அவள் ரயிலேறிப் பம்பாய் வந்தாள். மானுடவியலாளர் அனுஜா அகர்வால் பேடியாக் குடும்பங்களைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்தால் இன்னொன்றும் தெரியும். மகள்கள் சம்பாதிக்கிறார்கள், குடும்பமே அந்தச் சம்பாத்தியத்தில் நிற்கிறது, வீட்டுக்கு வந்த மருமகள்கள் மட்டும் ஆடுவதில்லை. ஒரு பெண்ணின் உழைப்பில் இன்னொரு பெண்ணின் 'குடும்ப மானம்' காப்பாற்றப்படுகிறது.

சமீனா தல்வாய் டான்ஸ் பார்களை ஆராய்ந்து 2019இல் ஒரு நூலே எழுதினார். சாதியை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது என்பதுதான் அதன் சாரம். அப்படியிருந்தும் சொன்னார்கள். தபுவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த, 2001இல் வெளிவந்த 'சாந்தினி பார்' படத்தில் அவள் கலவரத்தில் குடும்பத்தை இழந்த அபலை. இன்னும் பல கதைகளில் அவள் மாயக்காரி. சாதியுள்ள மனுஷியாக அவள் பெரும்பாலும் வரவில்லை.

பேஷ்வாக்களின் புனே

இந்த ஏக்கத்துக்கு மகாராஷ்டிரத்தில் ஒரு நீண்ட முன்கதை உண்டு. பம்பாயில் மின்விளக்கு வருவதற்கு முன்பே, பேஷ்வாக்களின் கடைசிக் காலத்தில், 1818இல் அந்த ஆட்சி விழும் வரை, புனேயில் லாவணி செழித்தது. இன்றும் அதைப் 'பொற்காலம்' என்றுதான் எழுதுகிறார்கள்.

அதே புனேயில்தான், தீண்டத்தகாதவன் நடந்த தடம் மண்ணில் தங்கக் கூடாது என்று இடுப்பில் துடைப்பம் கட்டி நடக்க வேண்டும், எச்சில் தரையில் விழக் கூடாது என்று கழுத்தில் மண்கலயம் தொங்கவிட வேண்டும் என்றிருந்தது. 'சாதி ஒழிப்பு' நூலில் அண்ணல் அம்பேத்கர் இதைத்தான் எடுத்துக் காட்டுகிறார். எவருடைய கால்தடம் தீட்டு என்று துடைக்கப்பட்டதோ, அவர்கள் வீட்டுப் பெண்ணின் சலங்கைக் கால் மட்டும் எப்படி இனித்தது?

சமூகவியலாளர் ஷர்மிளா ரேகே 1990களில் இதற்கு விடை தேடினார். பேஷ்வா அரசில் கீழ்ச்சாதிப் பெண்கள் அடிமைகளாகப் பிடிக்கப்பட்டு வீட்டு வேலைக்கும், வயல் வேலைக்கும், அரண்மனை நாடகசாலைக்கும் பயன்படுத்தப்பட்டார்கள். அதே காலத்தில் சிருங்கார லாவணி அந்தப் பெண்ணைத் தீராத ஆசை கொண்டவளாகப் பாடியது. 'அவளுக்கு வேண்டும்' என்று பாட்டு சொல்லிவிட்டால், அவளை எடுத்துக்கொண்டவன் மீது குற்றமில்லை. மேல்சாதிப் பெண் வீட்டுக்குள் பத்தினி, கீழ்ச்சாதிப் பெண் மேடையில் மோகினி. இந்த இரண்டு பிம்பங்களும் ஒரே பட்டறையில் வார்க்கப்பட்டவை.

லாவணி வாழ்ந்த மேடை தமாஷா. அதில் ஆடியவர்களும் பாடியவர்களும் பெரும்பாலும் மகர், மாங், கோல்ஹாட்டி சமூகத்தவர்கள். கிஷோர் சாந்தாபாய் காலே தன் தன்வரலாற்றில் கோல்ஹாட்டிப் பெண்களின் வாழ்க்கையை மறைக்காமல் எழுதியிருக்கிறார். வயதுக்கு வந்த பெண்ணுக்கு ஒரு பணக்காரன் விலை கொடுத்து அவளை வைத்துக்கொள்வதற்கு அங்கே சடங்கே இருக்கிறது. அவளுடைய பிள்ளைக்குத் தகப்பன் பெயர் கிடையாது. தமாஷாக்காரியின் மகனான காலே தாயின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டு மருத்துவரானார்.

சுதந்திரத்தையொட்டிய ஆண்டுகளில் பி.ஜி. கேர் தலைமையிலான பம்பாய் அரசு தமாஷாவை ஆபாசம் என்று தடை செய்தது. பிறகு தடையை விலக்கி, வசனத்தையும் பாட்டையும் தணிக்கைக்குக் காட்டச் சொன்னது. 'சுத்தம்' செய்யப்பட்ட லாவணி மராத்தி சினிமாவில் ஏறியது. 1972இல் சாந்தாராமின் 'பிஞ்சரா' பெரும் வெற்றி பெற்றது. அதில் தமாஷாக்காரியிடம் மயங்கி விழுவது ஒரு நல்ல பள்ளி ஆசிரியர். வீழ்ச்சி அவருடையது, மயக்கியவள் அவள். பேஷ்வா காலத்துப் பாட்டு திரையில் வண்ணத்தில் ஓடியது, அவ்வளவுதான்.

சினிமாவுக்கு வெளியே, கூடாரத்தில், விடாபாய் நாராயண்காவ்கர் இருந்தார். அவர் குடும்பத்துக் குழுவின் பெயரிலேயே 'மாங்' என்ற சாதிப் பெயர் உண்டு. நிறைமாதக் கர்ப்பிணியாக ஆடிக்கொண்டிருந்தவர், இடையில் மேடைக்குப் பின்னால் போய்ப் பிள்ளை பெற்று, தொப்புள்கொடியைக் கல்லால் அறுத்துவிட்டு மறுபடி ஆட வந்தார் என்று மகாராஷ்டிரத்தில் பெருமையாகச் சொல்வார்கள். அந்தக் கதையைக் கேட்டால் எனக்குப் பெருமை வருவதில்லை. பிள்ளை பெற்ற பெண்ணை ஆட விட்டுப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம்தான் கண்ணில் வருகிறது. குடியரசுத் தலைவர் கையால் விருது வாங்கிய விடாபாய் 2002இல் வறுமையில் இறந்தார். இறந்த பிறகு அரசு அவர் பெயரில் விருது கொடுக்கிறது.

15 ஆகஸ்ட் 2005

இந்தப் பின்னணியில்தான் டான்ஸ் பார் தடையைப் பார்க்க வேண்டும். 2005இல் மகாராஷ்டிரத் துணை முதலமைச்சரும் உள்துறை அமைச்சருமான ஆர்.ஆர். பாட்டீல் தடையை அறிவித்தார். இளைஞர்கள் கெடுகிறார்கள், குடும்பங்கள் அழிகின்றன, மராட்டியப் பண்பாடு சீரழிகிறது என்பது வாதம். ஆடும் பெண்கள் வெளிமாநிலத்தார், வங்கதேசத்தார் என்ற பேச்சும் கிளப்பிவிடப்பட்டது. பம்பாய் காவல் சட்டத்தில் 33ஏ, 33பி என்று இரண்டு பிரிவுகள் சேர்க்கப்பட்டன. சுதந்திர தினத்தன்று தடை நடைமுறைக்கு வந்தது.

33ஏ பாரில் ஆடுவதைத் தடை செய்தது. 33பி மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலுமான ஹோட்டல்களுக்கும், ஜிம்கானாக்களுக்கும், கிளப்புகளுக்கும் விலக்கு அளித்தது. அதாவது, காசுள்ளவன் முன்னால் ஆடினால் கலை, காசில்லாதவன் முன்னால் ஆடினால் ஆபாசம். துடைப்பத்தையும் மண்கலயத்தையும் சட்டப் புத்தகத்தின் மொழியில் எழுதினால் இப்படித்தான் இருக்கும்.

பாரில் ஆடிய பெண்கள் எண்ணிக்கை 75,000 என்று சங்கங்கள் சொன்னன. வர்ஷா காலே தலைமையில் பார் நடனப் பெண்களின் சங்கம் தெருவுக்கு வந்தது. முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு பெண்கள் ஊர்வலம் போனார்கள். வழக்கறிஞர் ஃபிளேவியா ஆக்னஸ் அவர்களுக்காக நீதிமன்றம் போனார். 2006 ஏப்ரலில் பம்பாய் உயர்நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. அரசு மேல்முறையீட்டுக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கியது. 2013 ஜூலை 16 அன்று உச்சநீதிமன்றமும் தடை செல்லாது என்றது. பணக்காரர்கள் கூடும் இடத்தில் ஒழுக்கம் தானாக இருக்கும் என்ற அரசின் எண்ணத்தை நீதிபதிகள் ஏற்கவில்லை. தடையால் வேலையிழந்த பெண்கள் பலர் பாலியல் தொழிலுக்குத் தள்ளப்பட்டதையும் குறிப்பிட்டார்கள். ஆனால் அதற்குள் எட்டு ஆண்டுகள் போய்விட்டிருந்தன. 2014இல் அரசு நட்சத்திர ஹோட்டல்களையும் சேர்த்துத் தடை செய்தது. 2016இல் இன்னொரு சட்டம் வந்தது. 2019 ஜனவரியில் அதன் பல நிபந்தனைகளையும் உச்சநீதிமன்றம் நீக்கியது. பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டு வழக்கில் முதலாளிகள் வேறு வியாபாரத்துக்கு மாறிக்கொண்டார்கள். ஆடியவர்களுக்கு அந்த வசதி இல்லை. சிலர் ஆர்கெஸ்ட்ரா பார்களில் பாடகிகளாக நின்றார்கள். சிலர் துபாய் போனார்கள். சிலர் ஊர் திரும்பினார்கள்.

நமக்குள் இருந்த சண்டை

இனிச் சொல்லப்போவது நம் வீட்டுக்குள் நடந்த சண்டை. 2005இல் பெண்ணிய அமைப்புகள் ஒரே பக்கம் நிற்கவில்லை. வேலை செய்யும் உரிமை என்று தடையை எதிர்த்தவர்கள் ஒரு பக்கம். மகாராஷ்டிரத்தின் தலித், பகுஜன் பெண்கள் அமைப்புகள் சில மறுபக்கம். 'எங்கள் பெண்கள் மேல் சுமத்தப்பட்ட சாதித் தொழிலைத்தான் நீங்கள் வேலை உரிமை என்கிறீர்கள். மலம் அள்ளுவதையும் அப்படிச் சொல்வீர்களா?' என்பது அவர்கள் கேள்வி. அந்தக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ள என்னால் முடியாது.

அதற்கு வேர் பாபாசாகேபிடமே இருக்கிறது. மகாத் போராட்டக் காலத்தில், பார்ப்பனத் தமாஷாக் கலைஞர் பட்டே பாபுராவும் அவருடன் ஆடிய மகர் சமூகத்துப் பவளாவும் கொடுக்க வந்த நன்கொடையை அவர் மறுத்தார் என்று சொல்வார்கள். நம் பெண்ணை ஆடவிட்டு வந்த காசு இயக்கத்துக்கு வேண்டாம் என்பது அவர் நிலை. 1936 ஜூன் 16 அன்று பம்பாய் பரேல் தாமோதர் அரங்கில், காமாத்திபுராவின் தேவதாசிகளும் ஜோகினிகளும் கூடிய கூட்டத்தில் அவர் கடுமையாகப் பேசினார். இந்த வாழ்க்கை நம் சமூகத்துக்கு இழுக்கு, எங்களோடு வருவதென்றால் இதை விட்டு வாருங்கள் என்றார். பிழைப்புக்கு என்ன வழி என்று கேட்பீர்கள், அதை நான் சொல்லப் போவதில்லை, நூறு வழிகள் உண்டு என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தில் நான் ஒவ்வொரு முறையும் தடுக்கி நிற்கிறேன். அந்த நூறு வழிகளும் சாதிக்காரர்கள் பூட்டி வைத்த வழிகள்தானே என்று கேட்கத் தோன்றுகிறது. அவமானத்தின் பாரம் முழுவதையும் அந்தப் பெண்கள் தலையில் ஏற்றியதும் உறுத்துகிறது. ஷைலஜா பைக் 'சாதியின் ஆபாசம்' பற்றிய தன் நூலில் இந்தச் சிக்கலைத்தான் விரிவாகப் பேசுகிறார். தமாஷாப் பெண்கள் தம் சமூகத்தின் விடுதலைப் பேச்சுக்குள்ளும் ஓரத்தில் நிறுத்தப்பட்டார்கள்.

ஆனாலும் பாபாசாகேப் செய்ததற்கும் பாட்டீல் செய்ததற்கும் வேறுபாடு உண்டு. பாபாசாகேப் அந்தப் பெண்களின் கூட்டத்துக்கு நேரில் போனார். நீங்கள் எங்களவர்கள் என்று சொல்லி, ஒரு இயக்கத்துக்குள் வரும்படி அழைத்தார். அரசு அனுப்பியது போலீஸ் வேனை.

அதே 1936இல் தமிழகத்திலும் ஒரு குரல் கேட்டது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார், தாசி குலத்தில் வாழ்ந்து வெளியே வந்தவர், 'தாசிகள் மோசவலை' நாவலை எழுதினார். அதே காலத்தில் சதிர் பரதநாட்டியமாகப் பெயர் மாறிப் பார்ப்பனப் பெண்களின் மேடையில் ஏறிக்கொண்டிருந்தது. 1947இல் பொட்டுக்கட்டு ஒழிப்புச் சட்டம் வந்தது. அவர் கேட்டது பெண்களின் விடுதலை. சபாக்கள் எடுத்துக்கொண்டது அவர்களின் ஆட்டம். லாவணிக்கும் தமாஷாவுக்கும் நடந்ததுதான் இங்கும் நடந்தது.

வெளியேறுவது வேறு, விரட்டப்படுவது வேறு

டான்ஸ் பார் விஷயத்தில் இரண்டு ஏக்கங்கள் மோதிக்கொண்டன. தன் நாற்காலி போய்விட்டதே என்ற வாடிக்கையாளனின் ஏக்கம் ஒன்று. பாட்டீல் பேசிய 'சீரழியாத மராட்டியப் பண்பாடு' இன்னொன்று. அந்தப் பண்பாட்டின் அடையாளமாக லாவணியைக் காட்டினார்கள். லாவணியையும் ஒருநாள் ஆபாசம் என்று தடை செய்தவர்கள்தான் அவர்கள் என்பது வசதியாக மறந்துபோனது. இரண்டு ஏக்கமும் கேட்காத குரல் ஒன்றே.

அம்பேத்கரியர்களுக்கு அந்தக் காலத்தின் மேல் ஏக்கம் வர வழியில்லை. தடையைக் கொண்டாடவும் வழியில்லை. ஒரு பெண் சாதித் தொழிலை விட்டு வெளியேறுவது விடுதலை. அவளைக் கையில் காசில்லாமல், கையெழுத்துப் போடத் தெரியாமல், பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் இல்லாமல் இரவோடு இரவாகத் தெருவில் நிறுத்துவது விடுதலை அல்ல. அதே சாதி வேறு வாசல் வழியாக அவளைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். 2005க்குப் பிறகு நடந்தது அதுதான்.

வெளியேறும் வழிக்கு நம்மிடமே முன்மாதிரி உண்டு. அம்பேத்கரிய ஜல்சாக்கள் தமாஷாவின் உருவத்தை எடுத்துக்கொண்டு, பெண்ணை ஆடவிடும் பகுதியை நீக்கிவிட்டு, பீமராவ் கர்டக் போன்றவர்களின் குரலில் ஊர் ஊராகச் சாதி எதிர்ப்பைப் பாடின. கலை நம்மிடமே இருந்தது, விற்பனை போனது. ஆனால் அந்த ஜல்சா மேடையில் பவளாக்களுக்கு இடமில்லை. அந்தக் கடன் இன்னும் தீரவில்லை.

சீர்மரபினர், நாடோடிச் சமூகங்களுக்கான ரெங்கே ஆணையம் 2008இல் அறிக்கை கொடுத்தது. இட ஒதுக்கீடும், வீடும், கல்வியும் கேட்டது. அந்த அறிக்கைக்காக எந்தச் சட்டமன்றமும் ஒருமனதாகக் கை தூக்கவில்லை. டான்ஸ் பார் தடைக்குத் தூக்கினார்கள்.

திருமண வீட்டுப் பெரியவரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். "ஐயா, அங்க ஆடுன பொண்ணுங்க யார் பேராவது ஞாபகம் இருக்கா?" கொஞ்சம் யோசித்தார். என்ன பாட்டு ஓடியது என்று சொன்னார், பீர் என்ன விலை என்று சொன்னார். பெயர் வரவில்லை. "அதுங்க எல்லாம் சொந்தப் பேரா வச்சிருக்கும்?" என்றார்.

வைத்திருந்தார்கள். ஊரில், அம்மாவிடம், பள்ளிக்கூடம் போகும் தங்கையிடம், மாதா மாதம் மணியார்டர் போன முகவரியில் அந்தப் பெயர் இருந்தது.